வத்தல்மலை மூடுபனியில் படம் எடுக்க

மார்கழிக் காலையில் கேமராவோடு தருமபுரி பக்கத்து வத்தல்மலை ஏறிவிட்டு, வெயிலே இல்லையே என்று சலித்துக்கொண்டு இறங்காதீர்கள். எனக்கென்னவோ அந்த மங்கல் வெளிச்சம்தான் பிடிக்கும். ஒரே சிக்கல், வெள்ளையைக் கண்டால் கேமரா அதைச் சாம்பலாக்கிவிடும். மூடுபனி வெளுக்காத வேட்டி மாதிரி விழும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +0.7 அல்லது +1 ஏற்றுங்கள். போன் என்றால் திரையைத் தொட்டுச் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுத்தால் சரி.

அப்புறம், வெற்று வானத்தைப் படத்துக்குள் அதிகம் விடாதீர்கள். கொண்டை ஊசி வளைவில் நின்று, ஈரத்தில் கறுத்த மரம் ஒன்றை முன்னால் வையுங்கள். பின்னால் மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போவது அப்போதுதான் எடுபடும். ஃபோகஸ் தடுமாறினால் அந்த மரத்தின் விளிம்பிலேயே பிடியுங்கள். லென்ஸ் துடைக்க ஒரு பருத்தித் துணி பையில் இருக்கட்டும்.