கார் தோல் இருக்கைகளைச் சுத்தம் செய்யும் முறை: முதன்முறை செய்பவர்களுக்கு

இன்றைய கார்களில் உள்ள தோல் இருக்கைகளில் பெரும்பாலானவற்றின் மீது நிறமும், அதற்கு மேல் மெல்லிய பாலியூரித்தேன் பூச்சும் இருக்கும். அழுக்கு படிவதும், நாம் தேய்க்கும்போது தேய்வதும் அந்தப் பூச்சுதான். ஆகவே, விலை உயர்ந்த கண்டிஷனரை (தோலில் பூசும் பராமரிப்புக் கிரீம்) தேடுவதைவிட, பூச்சுக்குச் சேதமின்றி அழுக்கை எடுக்கக் கற்றுக்கொள்வதே முக்கியம் என்பது என் கருத்து.

முதலில், கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு அப்படியே நின்றால் அது பூச்சுள்ள தோல். உறிஞ்சப்பட்டு அந்த இடம் கருத்தால் அது பூச்சில்லாத அனிலின் தோல். கீழே சொல்லும் முறை பூச்சுள்ள தோலுக்கு உரியது, அனிலின் தோலுக்கு அல்ல. ரெக்சினிலும் சொட்டு நிற்கும். பல கார்களில் உட்காரும் பகுதி மட்டும் தோலாகவும், பக்கங்கள் ரெக்சினாகவும் இருக்கும். ரெக்சினையும் இவ்வாறே சுத்தம் செய்யலாம், கண்டிஷனர் மட்டும் தேவையில்லை.

அடுத்து, மென்மையான பிரஷ் முனை பொருத்திய வேக்யூம் கிளீனரால் தூசியை எடுங்கள். இருக்கையும் முதுகுப் பகுதியும் சேரும் இடுக்கை விரலால் விரித்துப் பார்த்தால், தையலை ஒட்டி மணல் வரிசையாகப் படிந்திருப்பது தெரியும். அதை எடுக்காமல் ஈரத்துணியால் தேய்த்தால், ஒவ்வொரு இழுப்பும் பூச்சைக் கீறும்.

பிறகு தோலுக்கென உள்ள கிளீனரை எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சற்றே அமிலத்தன்மை உடையது என்பதால், காரம் மிகுந்த சலவைத் தூளும் சோப்பும் அதற்கு ஆகாது. கிளீனரை இருக்கையின் மீது தெளிக்காமல் மென்மையான பிரஷில் விட்டு, ஓர் அடி அகலப் பகுதியாக, அழுத்தாமல் வட்டமாகத் தேயுங்கள். நுரை பழுப்பாக மாறியதும், காய விடாமல் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு அடுத்த பகுதிக்குச் செல்லுங்கள். துளையிட்ட இருக்கைகளில் இன்னும் கவனம் வேண்டும்: துளை வழியே இறங்கும் ஈரம் உள்ளே உள்ள ஃபோமையும், சில கார்களில் சூடேற்றும் கம்பிகளையும் சென்றடையும்.

கதவுகளைத் திறந்து வைத்து நிழலில் உலர விடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். நன்றாக உலர்ந்த பின், கண்டிஷனரைத் துணியில் சிறிதளவு தொட்டு மெல்லியதாகப் பூசி, சில நிமிடங்களில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை போதும். இருக்கை வழுக்கிப் பளபளத்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். வீட்டில் உள்ள எண்ணெய்களைப் பூசினால் தூசி ஒட்டும். நாளடைவில் சிக்கு வாடையும் வரும்.

பேனா மைக் கறைக்கு நெயில் பாலிஷ் ரிமூவரையோ சானிடைசரையோ பயன்படுத்தினால், மையோடு நிறமும் போய்விடும். ஜீன்ஸ் சாயம் வெளிர் நிற இருக்கைகளில் ஏறியிருந்தால், புதிதாக இருக்கும்போதே கிளீனரால் இரண்டு மூன்று முறை மெதுவாக எடுக்க வேண்டும்.

ஓட்டுநர் ஏறி இறங்கும் பக்க விளிம்பை அடிக்கடி கவனியுங்கள், ஏனெனில் தேய்மானம் பெரும்பாலும் அங்குதான் தொடங்குகிறது. பூச்சு வெடித்த பிறகு கண்டிஷனர் அதை ஒட்டவைக்காது. வெடிப்பை நிரப்பி மீண்டும் நிறம் பூசுவது தேர்ந்த பணியாளர் செய்ய வேண்டிய வேலை.