வர்க்கமூலத்துக்குள் மாறி இருந்தால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

√49 எவ்வளவு என்றால் 7 என்று உடனே சொல்லிவிடுகிறோம். அதே இடத்தில் ஒரு மாறி வந்து உட்கார்ந்தால்தான் கை தவறுகிறது. மாறிகளை இங்கே க, ப என்றே எழுதுகிறேன்.

√(க²) = க. இதுதான் அதிகம் பார்க்கும் தவறு. வர்க்கமும் மூலமும் அடிபட்டுப் போகும் என்ற நினைப்பில் எழுதுவது. க-வுக்கு −5 போட்டுப் பாருங்கள். (−5)² = 25, √25 = 5. நாம் எழுதிய விடையோ −5 என்கிறது! √ குறி ஒருபோதும் குறை எண்ணைத் தராது. அதனால் சரியான விடை |க|, அதாவது க-வின் மட்டு: குறைக் குறி இருந்தால் அதை நீக்கிய மதிப்பு. பத்தாம் வகுப்பு இயற்கணித விடைகளில் நிற்கும் அந்த இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு இதுதான் காரணம். கணக்கு முழுவதையும் சரியாகப் போட்டுவிட்டு, கடைசியில் மட்டுக்குறியை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு ஆறாது.

அதற்காக எல்லா இடத்திலும் கோடு போடவும் வேண்டாம். √(க⁴) = க²; க² எப்படியும் குறை எண் ஆகாது. √(க⁶) = |க³|, ஏனென்றால் க³ குறை எண்ணாகலாம். கேள்வியிலேயே க ≥ 0 என்று கொடுத்திருந்தால் மட்டு தேவையே இல்லை.

இன்னொரு நுணுக்கம் உண்டு. √(18க³ப²) என்பதை எடுத்துக்கொள்வோம், ப பூச்சியமல்ல. 18 = 9 × 2, க³ = க² × க. வெளியே வருபவை 3, க, |ப|; உள்ளே மிஞ்சுவது 2க. விடை 3க|ப|√(2க). ப-வுக்குக் கோடு போட்டோம், க-வுக்கு ஏன் போடவில்லை? க குறை எண்ணாக இருந்தால் மூலத்துக்குள் இருப்பதே குறை எண்ணாகிவிடும்; மெய்யெண்களில் அதற்கு வர்க்கமூலம் கிடையாது. ஆகவே க குறை எண்ணாக இருக்க வழியில்லை.

அடுக்கிலும் ஏமாறுகிறோம். √(ப¹⁶) என்றதும் ப⁴ என்று எழுதுவது, 16-க்கே மூலம் எடுத்துவிடுவதால். அடுக்கைப் பாதியாக்க வேண்டும்: ப⁸. ஒற்றைப்படை அடுக்கானால் ஒன்றைப் பிரித்து உள்ளேயே விடுங்கள்: √(ப⁹) = ப⁴√ப.

கடைசியாக, √(க² + 9) என்பது க + 3 அல்ல. க = 4 என்றால் √25 = 5; க + 3 போட்டால் 7 வருகிறது. பெருக்கலைத்தான் மூலத்துக்குள் பிரிக்கலாம், கூட்டலை அல்ல. க + 3 வர வேண்டுமானால் உள்ளே 6க-வும் இருந்திருக்க வேண்டும்: √(க² + 6க + 9) = |க + 3|.