வலிக்கலையே என்று விட்டுவிடாதீர்கள்: சர்க்கரைக்காரர்கள் காலில் செய்யும் தவறுகள்

சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் வருஷக்கணக்கில் ஓடினால் கால் நரம்பு மரத்துப்போகும். சுட்டாலும் குத்தினாலும் தெரியாது. திருநெல்வேலிப் பக்கம் பலரும், “புண்ணுதான், வலியே இல்ல” என்று ஆறுதலாகச் சொல்வார்கள். எனக்கு அதைக் கேட்டால்தான் பயம். உள்ளங்காலில் புண் இருந்தும் வலிக்கவில்லை என்றால் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்தது வெறுங்கால் நடை. வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறவர்களுக்குத் தார்ரோட்டின் சூடு தெரியும். மரத்த காலுக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகுதான் கொப்புளத்தைப் பார்ப்பார்கள். செருப்பு போட்டு நடந்தால் முருகன் கோபிக்கப்போவதில்லை. நெல்லையப்பர் கோயில் வெளிப்பிரகாரக் கல்லும் மத்தியானம் அப்படித்தான் கொதிக்கும். வெயில் ஏறுமுன் போய்வந்துவிடுங்கள்.

செருப்பு என்றால் தேய்ந்த ரப்பர் செருப்பு இல்லை. உடைமரத்து முள் அதைத் துளைத்து உள்ளே நுழைந்து, நுனி ஒடிந்து அங்கேயே நிற்கும். மேலே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, ஒவ்வொரு அடிக்கும் குத்திக்கொண்டே இருக்கும். மாட்டும் முன் உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். குதிகால் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, அதாவது மெத்தென்ற மைக்ரோ செல்லுலார் ரப்பர் செருப்பு நல்லது. சாயங்காலமாகப் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரம் அதுதான்.

கால் ஆணியை பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணி பிளாஸ்திரியை ஒட்டுவதும் வேண்டாம். அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். கால் எரிகிறது என்று வெந்நீரில் முக்குவதும் தப்பு. சூடு எவ்வளவு என்று அந்தக் காலுக்கு எப்படித் தெரியும்?

தாமிரபரணியில் குளித்துவிட்டு விரலிடுக்கை ஈரமாகவே விட்டால் சேற்றுப்புண் வரும். துடையுங்கள். தேங்காயெண்ணெய் வெடித்த குதிகாலுக்குச் சரி, இடுக்கில் தடவக் கூடாது. பீடி குடிப்பவர்களுக்குக் காலுக்குப் போகும் ரத்தக்குழாயும் சுருங்கும்.

ராத்திரி படுக்குமுன் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். கண் சரியில்லை என்றால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது டாக்டர் நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதிக்கட்டும்.

புண்ணில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். சிவந்து வீங்கினாலோ, நாற்றமடித்தாலோ, விரல் கறுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்தக் காலை ஊன்றாமல் ஆட்டோவில் போங்கள். வழக்கமாகப் போடும் செருப்பையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கே அழுத்தியது, எது குத்தியது என்று அதில் தெரியும்.