சைக்கிள் ஸ்டாண்டு அடிக்கப் போகிறீர்களா?

நாகர்கோவிலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கடைத்தெருவிலோ நூலக வாசலிலோ சைக்கிள் ஸ்டாண்டு வைக்க நினைப்பவர்களுக்கு இது.

முன்சக்கரத்தை மட்டும் செருகும் கம்பி ஸ்டாண்டு வேண்டாம். சைக்கிள் சாய்ந்தால் ரிம் கோணிப்போகும், ஃபிரேமையும் பூட்ட முடியாது. ‘ப’ எழுத்தைக் கவிழ்த்ததுபோல் பைப்பை வளைத்து, தரைக்கு மேல் 80 சென்டிமீட்டர் நிற்கும்படி கான்கிரீட்டில் ஊன்றுங்கள். பக்கத்துக்கு ஒன்றாக 2 சைக்கிள் நிற்கும். அடுத்த வளைவுக்கு 1 மீட்டர் இடைவெளி விடுங்கள், இல்லையென்றால் ஹேண்டில்பார்கள் சிக்கிக்கொள்ளும். சைக்கிளின் நீளம் ஏறக்குறைய 1.8 மீட்டர். அது போக நடப்பவர்களுக்கு வழி மிஞ்ச வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொன்று. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று வேறு. வெறும் பெயின்ட் தாங்காது, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்தான் சரி. வெல்டிங் வைக்கும் இடத்தில் துத்தநாகப் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள். பூச்சு எரிந்து வரும் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். வேலை முடிந்ததும் அங்கே ஜிங்க் பெயின்ட் பூசுங்கள்.

அப்புறம் இடம். எனக்கு இதுதான் முக்கியம். வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு, காலையில் வடசேரி சந்தைப் பக்கம் போய் நில்லுங்கள். எந்தச் சுவரில், எந்தக் கம்பத்தில் ஏற்கெனவே சைக்கிளைச் சாய்க்கிறார்கள் என்று பாருங்கள். ஸ்டாண்டு அங்கேதான் வர வேண்டும், கடைக்காரர் கண்ணில் படும்படி. பின்பக்க மூலையில் வைத்தால் யாரும் நிறுத்த மாட்டார்கள். கூலி வேலைக்குப் போகிறவரின் சைக்கிளுக்கும் வாசலில் மரியாதையான இடம் வேண்டும். முதல் வளைவிலும் கடைசி வளைவிலும் மஞ்சள் ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுங்கள், இருட்டில் யாரும் இடித்துக்கொள்ளாமல் இருக்க.