படிக்கட்டில் பீரோ இறக்கும் முறையை மாற்றினோம்

சென்னையில் வீடு மாற்றித் தரும் வேலையில் மேஸ்திரியாக இருக்கிறேன். லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியிலிருந்து இரும்பு பீரோவை இறக்கும்போது, கீழ்ப்பக்கம் பிடித்திருந்த தம்பிக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பத்து நாள் படுக்கை. அவனுக்குத் தூக்கத் தெரியவில்லை என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

படியில் பாரம் கீழே நிற்பவர் மேல்தான் அதிகம் இறங்கும். நாங்களோ மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று பிடித்தோம். அதுவும் உள்ளே துணிமணிகளோடு! ஓர் ஆண் கையால் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

இப்போது முதலில் பீரோவைக் காலி செய்கிறோம். கதவைப் பூட்டி, போர்வை சுற்றி, பெல்ட் போட்ட பிறகுதான் கை வைப்போம். கீழே இரண்டு பேர், மேலே இரண்டு பேர். ஐந்தாவது ஆள் தூக்கமாட்டார். முன்னால் வழி பார்த்து 'இறக்கு', 'நிறுத்து' என்று அவர் மட்டும்தான் குரல் கொடுப்பார். ஒவ்வொரு திருப்பத்திலும் கீழே வைத்து மூச்சு வாங்குவோம். செருப்போடு யாரும் படியேறக் கூடாது, ஷூதான்.

கூடுதல் ஆள் கூலிக்கு முதலாளி தயங்கினார். சரி என்று, வீடு பார்க்கப் போகும்போதே மாடி, லிப்ட், படியின் அகலம் எல்லாம் குறித்து, அதையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் தொகை சொல்கிறேன்.