மலைச்சரிவில் கோல்ஃப் ஆடுபவர்கள் அயர்ன் தேர்ந்தெடுப்பது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

ஊட்டி, வெலிங்டன், கொடைக்கானல் ஆகிய மூன்று ஊர்களின் கோல்ஃப் மைதானங்களும் நூறாண்டைக் கடந்தவை. அவற்றில் ஆடியவர்கள் அனைவருக்கும் ஒன்று தெரிந்திருக்கும். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடியை அடிக்கும் டீ மேடையை விட்டு இறங்கிய பிறகு, இரு பாதங்களும் பந்தும் ஒரே மட்டத்தில் அமையும் இடம் மிக அரிதாகவே கிடைக்கிறது. ஆகவே அயர்ன் எனப்படும் தட்டையான உலோகத் தலைக் கிளப்பின் நடுப்பகுதியில் படாமல் பந்து விலகிப் படுவது மலை மைதானத்தில் இயல்பான நிகழ்ச்சி. கடையில் ஒரு கிளப்பைச் சுழற்றிப் பார்த்து, அதில் மிக நன்றாக அடிபட்ட ஒரு பந்து எவ்வளவு தூரம் சென்றது என்பதைக் கொண்டு விலை பேசுகிறவர்கள் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்கள். சரியாகப் படாத பந்து எவ்வளவு குறைவாகக் கெடுகிறது என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

வார இறுதிகளில் ஆடுபவர்களுக்காகவும், 18 குழிகளை 90 முதல் 110 அடிகளுக்குள் முடிப்பவர்களுக்காகவும், முதன்முறையாக ஒரு முழு அயர்ன் தொகுப்பை வாங்க நினைப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: உங்கள் அடி எங்கே படுகிறது என்று கண்டறியுங்கள்

வாங்குவதற்கு முன் நண்பரிடமிருந்தோ பயிற்சியாளரிடமிருந்தோ ஒரு 7 அயர்னைக் (அயர்னின் எண் கூடக்கூட அது அடிக்கும் தூரம் குறையும்) கடன் வாங்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கர் பேனாவால் பந்தின் மேல் ஒரு தடித்த புள்ளி இட்டு, அந்தப் புள்ளி கிளப்பின் முகத்தைப் பார்க்கும்படி பந்தை வைத்து அடியுங்கள். மை கிளப்பின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்குப் பின்னும் தடம் ஷாஃப்டை (கிளப்பின் தண்டை) ஒட்டிய குதிகால் பக்கம் விழுந்ததா, வெளி நுனிப் பக்கம் விழுந்ததா, கீழ் விளிம்பை ஒட்டி விழுந்ததா என்று குறித்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட்டு அடுத்த பந்தை அடியுங்கள். இருபது பந்துகள் அடித்தால் ஓர் ஒழுங்கு தெரிந்துவிடும்.

இதே சோதனையைச் சமதரையில் ஒருமுறையும் சரிவில் ஒருமுறையும் செய்வது அவசியம். பந்து பாதங்களைவிட மேலே இருந்தால் கிளப் தரையை முன்கூட்டியே தொட்டுவிடும், அல்லது பந்து குதிகால் பக்கம் படும். வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து இடப்புறம் இழுத்துக்கொண்டு போகும். பந்து பாதங்களைவிடக் கீழே இருந்தால் உடல் எட்டிப் பிடிக்க முயல்வதால் பந்து நுனியிலோ கீழ் விளிம்பிலோ பட்டு வலப்புறம் விலகும். சமதரையில் உங்கள் தடங்கள் ஓர் இடத்தில் குவிந்து, சரிவில் மட்டும் சிதறுமானால், உங்கள் வீச்சில் பெரிய குறை இல்லை. சரிவைத் தாங்கும் கிளப் இருந்தால் போதும். இரண்டிலும் சிதறினால் அகன்ற தலையுள்ள வகையை நோக்கி இன்னும் ஒரு படி நகருங்கள்.

படி 2: தலையின் அமைப்பைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பழைய பாணி பிளேடு அயர்னில் எஃகு முகத்தின் பின்புறம் முழுவதும் ஏறக்குறைய ஒரே சீராகப் பரவியிருக்கும். நடுவில் பட்டால் அதன் உணர்வு மிக இனிமையானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அரை அங்குலம் விலகிப் பட்டால் தலை கையில் திருகிக்கொள்ளும், பந்தின் வேகம் குறையும், திசையும் கெடும். இதற்கு மாற்றாக வந்ததே கேவிட்டி பேக் எனப்படும் குழிவான பின்புறம். நடுவிலிருந்து உலோகத்தைச் சுரண்டி எடுத்து, அந்த எடையை விளிம்புகளுக்கு நகர்த்திவிடுவார்கள். இரு முனைகளிலும் பாரம் கட்டிய காவடித் தண்டைச் சட்டென்று திருப்ப முடியாதது போல, எடை ஓரங்களில் இருக்கும் தலையும் எளிதில் திருகாது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றிய கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் பிங் என்ற பெயரில் கிளப்புகள் செய்யத் தொடங்கியதும், அந்நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஐ 2 அயர்ன்கள் பெரும் புகழ் பெற்றதும் இந்த எண்ணத்தைப் பரவலாக்கின. இன்று எந்த நிறுவனத்தின் பட்டியலை எடுத்தாலும் கேம் இம்ப்ரூவ்மென்ட் (பிழை பொறுக்கும் வகை) என்ற பிரிவு இருக்கும். பிளேடுக்கும் இதற்கும் இடையில் உள்ள பிளேயர்ஸ் டிஸ்டன்ஸ் வகை கண்ணுக்கு அழகாக இருக்கும். ஆனால் உங்கள் மைத் தடங்கள் சிதறியிருந்தால் அதை இப்போதைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்ததாக எடை மையத்தின் உயரத்தைக் கவனியுங்கள். விதிப்படி பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அதாவது தரையில் கிடக்கும் பந்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அடி சற்று மெலிந்தால் பந்து முகத்தில் இன்னும் கீழே படும். தலையின் எடை கீழே குவிந்திருந்தால் அப்படிப் பட்ட பந்தும் ஓரளவு உயரும். எடை மேலே இருந்தால் பந்து தரையை ஒட்டியே ஓடிவிடும். அடிப்பாகம் அகலமாகவும், மேல் விளிம்பு தடிப்பாக இருந்தாலும் உள்ளே குடைந்தும் செய்யப்பட்ட தலைகளில் எடை கீழே இருக்கும்.

ஆஃப்செட் என்பது கிளப்பின் முன் விளிம்பு ஷாஃப்டுக்குச் சற்றுப் பின்தள்ளி அமைந்திருப்பது. முகம் நேராகத் திரும்ப ஒரு கணம் கூடுதலாகக் கிடைப்பதால், பந்து வலப்புறம் வளைந்து போகும் ஸ்லைஸ் குறை உள்ளவர்களுக்கு இது உதவும். ஏற்கெனவே இடப்புறம் இழுப்பவர்களுக்குக் கூடுதல் ஆஃப்செட் தீமையே செய்யும். இங்கே மலைக்கே உரிய ஓர் எச்சரிக்கை உண்டு. காற்றின் அடர்த்தி குறைந்த உயரத்தில் பந்து சமவெளியைவிடக் குறைவாகவே வளையும். ஊட்டியில் சிறிதாகத் தெரியும் ஸ்லைஸ் கோயம்புத்தூரில் பெரிதாகத் தெரியும். இரண்டு இடங்களிலும் ஆடுபவர் சமவெளியில் தெரியும் வளைவைக் கொண்டே ஆஃப்செட்டின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

படி 3: எண்ணைப் பார்க்காதீர்கள், லாஃப்டைப் பாருங்கள்

என் கணிப்பில், புதியவர்கள் மிக அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். பிளேடு வகை 7 அயர்னின் முகச் சாய்வு, அதாவது லாஃப்ட், 34 அல்லது 35 டிகிரி. இன்றைய கேம் இம்ப்ரூவ்மென்ட் 7 அயர்ன்கள் பலவற்றில் அது 28 முதல் 31 டிகிரி வரைதான். அதாவது அடியில் 7 என்று பொறித்திருந்தாலும் அது பழைய கணக்கில் 6 அயர்னோ 5 அயர்னோ ஆகும். தூரம் கூடுவதில் வியப்பில்லை. எடை கீழே இருப்பதால் குறைந்த லாஃப்டிலும் பந்து உயர எழும் என்று வடிவமைப்பாளர்கள் கூறுவது உண்மையே. ஆயினும் வேகமாகச் சுழற்றாதவர் கையில் அது முழுமையாக நிறைவேறுவதில்லை.

இதனோடு உயரத்தின் விளைவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் சுமார் 2,130 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மெல்லிய காற்றில் பந்துக்குத் தடை குறைவதால், சமவெளியில் 140 கஜம் போகும் அடி இங்கே ஏறக்குறைய 150 கஜம் போகும். குளிர்ந்த காலைப்பொழுதில் இந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரைந்துவிடும். ஆனால் அதே மெல்லிய காற்று பந்தைத் தூக்கிப் பிடிக்கும் விசையையும் குறைக்கிறது. எனவே பந்து தாழ்வாகப் பறந்து, சாய்வு குறைந்த கோணத்தில் கிரீனில் (குழி அமைந்த குறும்புல் பரப்பில்) இறங்கி, நில்லாமல் உருண்டு பின்புறச் சரிவில் விழுகிறது. மலையில் தூரத்தைக் காற்றே கொடுத்துவிடுகிறது. அதைக் கிளப்பிடம் விலை கொடுத்து வாங்கத் தேவையில்லை. கிளப்பிடம் நாம் கேட்க வேண்டியது உயரத்தை.

பந்தின் பாதையை அளக்கும் கருவி உள்ள பயிற்சிக் கூடத்தில் சோதித்தால், இறங்கு கோணம் என்ற எண்ணைக் கேளுங்கள். 7 அயர்னுக்கு அது 45 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் பந்து கிரீனில் நிற்கும் வாய்ப்பு அதிகம். கருவி சமவெளியில் இருந்தால், மலையில் கோணம் இன்னும் சற்றுக் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இரண்டு தொகுப்புகள் ஒன்றுக்கொன்று நிகராகப் பிழை பொறுக்குமானால், லாஃப்ட் கூடிய தொகுப்பையே எடுங்கள்.

லாஃப்ட் குறைந்த தொகுப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெட்ஜ் என்பது குறுந்தூர அடிகளுக்கான, சாய்வு மிகுந்த அயர்ன். அதன் பிட்சிங் வெட்ஜ் 42 அல்லது 43 டிகிரியாக இருக்கும்; பெரும்பாலானவர்கள் பையில் வைத்திருக்கும் சேண்ட் வெட்ஜ் 56 டிகிரி. நடுவில் பதின்மூன்று அல்லது பதினான்கு டிகிரி இடைவெளி விழுகிறது. கிரீனை நெருங்கும் தூரத்தில் அரை வீச்சாக அடித்துச் சமாளிக்க வேண்டிய நிலை வரும், அதையும் சரிவில் நின்றுகொண்டு செய்ய வேண்டியிருக்கும். அத்தகைய தொகுப்பை வாங்கினால் 48 டிகிரியை ஒட்டிய கேப் வெட்ஜ் ஒன்றையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

படி 4: நீண்ட அயர்ன்களை விட்டுவிடுங்கள்

3, 4 அயர்ன்களை வாங்க வேண்டாம். 5 அயர்னையும் சோதித்த பிறகே சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றுக்குப் பதிலாக ஹைபிரிட் (அயர்னுக்கும் பெருந்தலை வுட் கிளப்புக்கும் இடைப்பட்ட கிளப்) எடுத்தால், அதன் உருண்ட அடிப்பாகம் நீண்ட புல்லைப் பிளந்து செல்லும். நீலகிரியில் பரவலாகக் காணப்படும் கிக்குயூ புல் அடர்த்தியாகப் பின்னிக்கொண்டு வளர்வது. அதில் சிக்கிய பந்துக்கு நீண்ட அயர்னை எடுப்பதால் பயனில்லை. பையில் 14 கிளப்புகளுக்கு மேல் வைத்திருக்க விதி இடம் தருவதில்லை. ஏற்ற இறக்கத்தில் நடந்து ஆடும்போது பதினொன்றோ பன்னிரண்டோ இருந்தாலே உங்களுக்கும் நன்று, பையைச் சுமக்கும் கேடி அண்ணனுக்கும் நன்று.

படி 5: தரைக்கு ஏற்ற அடிப்பாகம்

நீலகிரியில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெய்யும். கொடைக்கானலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை வலுவானது. ஆண்டின் பல மாதங்கள் ஃபேர்வே (டீ மேடைக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளி) ஈரமாகவும் மென்மையாகவும் இருக்கும். இத்தகைய தரையில் மெல்லிய சோல் (தலையின் அடிப்பாகம்) மண்ணுக்குள் புதைந்து நின்றுவிடும். அகன்ற சோல் வழுக்கிக்கொண்டு முன்னே செல்லும். ஜனவரி, பிப்ரவரியில் தரை காய்ந்து இறுகும்போது, மிக அகன்ற சோல் தரையில் துள்ளிப் பந்தின் நடுவில் மோதும் அபாயம் உண்டு. எனவே அகலமாக இருந்தாலும் பின் விளிம்பு வழித்து வளைக்கப்பட்ட சோல் நமக்கு ஏற்றது. கிளப்பைத் தரையில் ஊன்றிப் பார்த்தால், முன் விளிம்பு கத்தி போல் இல்லாமல் மழுங்கியிருக்க வேண்டும்.

படி 6: ஷாஃப்ட், நீளம், லை, கிரிப்

தலையைப் பற்றியே பேசிவிட்டுத் தண்டை மறந்துவிடுவது பொதுவான வழக்கம். எஃகு ஷாஃப்ட் பெரும்பாலும் 95 முதல் 130 கிராம் வரை இருக்கும். கிராஃபைட் ஷாஃப்ட் 50 முதல் 80 கிராம் வரை. மூட்டு வலி உள்ளவர்களுக்கும், நிதானமாகச் சுழற்றுபவர்களுக்கும், குளிரில் விரல்கள் விறைப்பவர்களுக்கும் கிராஃபைட் நல்லது; அதிர்வு கைக்குக் குறைவாக வரும். விறைப்பைப் பொறுத்தவரை, ஐயமிருந்தால் ரெகுலர் என்ற நடுத்தர விறைப்பை எடுங்கள். தேவைக்கு மேல் விறைப்பான ஷாஃப்ட் பந்தைத் தாழ்வாக அனுப்பும். மூன்றாம் படியில் நாம் தேடிய உயரம் அங்கேயே போய்விடும்.

லை கோணத்தை (தரைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலான கோணத்தை) சோதிக்க, மார்க்கரால் பந்தின் பின்புறத்தில் செங்குத்தாக ஒரு கோடு வரைந்து, சமதரையில் அடியுங்கள். முகத்தில் பதியும் கோடு நேராக நின்றால் கோணம் சரி. கோட்டின் தலை வெளி நுனிப் பக்கம் சாய்ந்தால் கிளப் உங்களுக்கு அதிகம் நிமிர்ந்திருக்கிறது. பந்து இடப்புறம் போகும். குதிகால் பக்கம் சாய்ந்தால் நிலைமை நேர்மாறு. இதைச் சரிவில் நின்று சோதிக்கவே கூடாது. வளைத்துச் சரிசெய்யும்போது, வார்ப்பு எஃகுத் தலையை ஓரிரு டிகிரிக்கு மேல் வளைக்க வேண்டாம். கிரிப்பை (கைப்பிடி உறையை) பொறுத்தவரை, பிடித்த இடக்கையின் விரல் நுனிகள் உள்ளங்கையை மெல்லத் தொட்டால் அளவு சரி. பனியிலும் தூறலிலும் ஆடுபவர்கள் நூல் கலந்த சொரசொரப்பான கிரிப்பைக் கேட்டு வாங்கலாம்.

படி 7: பழைய தொகுப்பு வாங்கும்போது

பிழை பொறுக்கும் அயர்ன்களின் அடிப்படை சில ஆண்டுகளில் மாறிவிடுவதில்லை. ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய தொகுப்பை நான் மனமார ஆதரிக்கிறேன். கிளப்புகளைச் சுவரை ஒட்டி வரிசையாக நிறுத்துங்கள்: அடுத்தடுத்த அயர்ன்களுக்கு இடையே ஏறக்குறைய அரை அங்குல வேறுபாடு சீராக இருக்க வேண்டும். எங்காவது ஒன்று பிசகினால் அது வெட்டப்பட்டிருக்கலாம், அல்லது வேறு தொகுப்பிலிருந்து வந்திருக்கலாம். எஃகு ஷாஃப்டை மேசை மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். மலை ஈரத்தில் கிடந்த கிளப்புகளில், தலையும் ஷாஃப்டும் சேரும் இடத்திலும் கிரிப்புக்குக் கீழேயும் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கிராஃபைட்டில் விரல் நகத்தை ஓட்டினால் கீறலும் வெடிப்பும் உணரப்படும். அசாதாரணமாக மலிவாகக் கிடைக்கும் புத்தம்புதிய தொகுப்புகளில் போலிகள் உண்டு. தொடர் எண்ணை நிறுவனத்திடம் உறுதிசெய்த பிறகே பணம் கொடுங்கள்.

படி 8: மைதானத்தில் சோதித்துத் தூரத்தை எழுதுங்கள்

முடிந்தால் வாங்குவதற்கு முன் ஒன்பது குழிகள் ஆடிப் பாருங்கள். பயிற்சிப் பாயின் மேல் எந்தக் கிளப்பும் நன்றாகத்தான் தெரியும். ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று, பந்து பாதத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என நால்வகை நிலையிலிருந்தும் 7 அயர்னை அடித்து, மோசமாகப் பட்ட பந்துகள் எங்கே நின்றன என்பதை மட்டும் கவனியுங்கள்.

வாங்கிய பிறகு ஒவ்வோர் அயர்னுக்கும், பந்து தரையைத் தொடும் வரை பறந்த தூரத்தை ஒரு சிறு அட்டையில் எழுதிப் பையிலேயே வையுங்கள். மலைக்கு ஒரு நிரலும் சமவெளிக்கு ஒரு நிரலும் வேண்டும். காலை ஏழு மணிக் குளிரில் அடித்ததையும் நண்பகல் வெயிலில் அடித்ததையும் தனித்தனியே குறியுங்கள். எந்த இரண்டு அடுத்தடுத்த கிளப்புகளுக்கு இடையில் தூர வேறுபாடு ஐந்து கஜத்துக்கும் குறைவாக இருக்கிறதோ, அவற்றுள் நீளமானதைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஹைபிரிட் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள்.