விபூதி போட்டுத் தேய்த்த நாணயம்

வேலூர்ப் பக்கத்து வீடுகளில் ஆடி வெள்ளி வந்தால் வெள்ளிச் சாமான் எல்லாம் பரணிலிருந்து இறங்கும். விபூதி போட்டுத் தேய்த்தால் குங்குமச் சிமிழ் பளபளவென்று ஆகிவிடும். அதே கையோடு, பெட்டியில் கறுத்துக் கிடக்கும் நினைவு நாணயத்தையும் எடுத்து நாலு தேய்ப்பு தேய்த்துவிடுகிறார்கள். சேகரிப்பாளர் தரும் கூடுதல் விலை அந்த நிமிடத்திலேயே போய்விடுகிறது.

சேகரிப்பாளருக்கென்றே அடிக்கும் புரூஃப் நாணயத்தை மெருகேற்றிய அச்சில், மெருகேற்றிய உலோக வில்லையை வைத்து அடிக்கிறார்கள். உருவமில்லாத வெற்றுப் பரப்பு கண்ணாடி போலவும், உருவம் பனி படர்ந்தது போலவும் தெரிவது அதனால்தான். விபூதி நைசான தூள் என்றாலும் அதுவும் துகள்தான். பழைய வேட்டித் துணிகூட மயிரிழைக் கோடு போடும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஒற்றை பல்புக்குக் கீழே நாணயத்தை மெல்லச் சாய்த்தால் கோடு கோடாக ஓடும். பற்பசை, சமையல் சோடா, வெள்ளியை முக்கி வெளுக்கக் கடையில் விற்கும் ‘டிப்’ திரவம் எல்லாம் இதே கதைதான். டிப் கீறாது, ஆனால் மேல்படலத்தைக் கரைத்து எடுத்து, நாணயத்தை உயிரில்லாமல் வெளுக்க வைத்துவிடும். கறுத்த நாணயத்தை வாங்க ஆள் உண்டு. தேய்த்த நாணயத்தை வெள்ளி விலைக்குத்தான் கேட்பார்கள்.

கறுப்பு வருவது கந்தகத்தால். தோல் தொழிற்சாலைகளில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு பயன்படுத்துகிறார்கள். அந்தக் கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் ஷாப்புக்கு அருகில் குடியிருப்பவர்கள் நாணயத்தைத் திறந்த டப்பாவில் வைக்கவே கூடாது. ரப்பர் பேண்டு, செய்தித்தாள், கம்பளித் துணி, மட்டமான அட்டைப்பெட்டி ஆகியவற்றிலும் கந்தகம் இருக்கிறது. பிவிசி பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம்: கொஞ்ச காலத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும். அப்படிப் பிசுபிசுத்தால் கலப்படமில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஊற வைத்து எடுத்து, தானாக உலர விடுங்கள். துடைக்கக் கூடாது, பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. நகப்பூச்சு நீக்கி இதற்கு ஆகாது; அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். வைப்பதற்கு நாணயத்தின் அளவுக்கேற்ற காப்சூலும் (வட்டமான பிளாஸ்டிக் கூடு), பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் ஒரு சிலிகா ஜெல் பையும் போதும். பையிலுள்ள நீல மணி இளஞ்சிவப்பானால் சூடாக்கி உலர்த்த வேண்டும். நாணயத்தை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். கட்டைவிரல் ரேகை பதிந்தால் பிறகு போகாது.

அடுத்த தவறு கணக்கில். நூறு ரூபாய் நாணயம், ஆயிரம் ரூபாய் நாணயம் என்ற எண்ணுக்கும் உள்ளே இருக்கும் வெள்ளிக்கும் சம்பந்தமில்லை. 1969 காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் 15 கிராம், 80 சதவீதம் வெள்ளி. அதாவது 12 கிராம். 2017 எம்.ஜி.ஆர்., 2024 கருணாநிதி போன்ற நூறு ரூபாய் நாணயங்கள் 35 கிராம் எடை, ஆனால் வெள்ளி பாதிதான்: 17.5 கிராம். மீதி 40 சதவீதம் செம்பு, நிக்கலும் துத்தநாகமும் ஐந்தைந்து. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நினைவாக வந்த ஆயிரம் ரூபாயில் 28 கிராம் வெள்ளி. 2024இல் ரிசர்வ் வங்கியின் 90 ஆண்டு நினைவாக வந்த 90 ரூபாய் நாணயமோ 40 கிராம் சுத்த வெள்ளி. அட்சய திருதியைக்கு நகைக்கடையில் வாங்கும் லட்சுமி காசு இந்தக் கணக்கிலேயே வராது. அது நாணயமே அல்ல.

போலியைக் கண்டுபிடிக்கப் பத்தரிடம் கொடுத்தால் உரைகல்லில் ஓர் இழு இழுப்பார். விளிம்பு அதோடு சரி. எக்ஸ் கதிரால் உலோகத்தைச் சோதிக்கும் எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் கீறாது, ஆனால் மேல்பூச்சைத்தான் படிக்கும். எடையை 0.01 கிராம் தராசில் பாருங்கள், வலுவான காந்தத்தை அருகில் கொண்டுபோங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் தண்ணீர்ச் சோதனை. ஒரு டம்ளர் வாலை வடிநீரைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, நாணயத்தை நூலில் கட்டி, அடியைத் தொடாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 35 கிராம் பாதி வெள்ளி நாணயத்துக்குத் தராசு ஏறக்குறைய 3.7 கிராம் காட்ட வேண்டும். செம்பு-நிக்கல் போலியானால் 3.9 வரும். புரூஃபில் இதைச் செய்யாதீர்கள். நம் ஊர் உப்புத்தண்ணீர் எதற்குமே வேண்டாம்.

தரம் என்பதிலும் குழப்பம் நிறைய. யுஎன்சி (UNC) என்றால் புழக்கத்துக்குப் போகாதது என்று மட்டுமே பொருள். அச்சடித்த இடத்தில் ஒன்றோடொன்று மோதிய வடு அதிலும் இருக்கும். 70 புள்ளி அளவில் தரம் போடும் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற அமெரிக்க நிறுவனங்கள் தேய்த்த நாணயத்துக்கு எண் தராமல் ‘டீடெய்ல்ஸ்’ என்று எழுதிவிடும். அனுப்பும் செலவு, காப்பீடு, சுங்கம் எல்லாம் கூட்டிப் பார்த்தால் சாதாரண நூறு ரூபாய் நாணயத்துக்குக் கட்டுபடியாகாது. நாணயச்சாலை தந்த பெட்டியும் அட்டையும் கெடாமல் இருந்தால், பிரித்து ஸ்லாபில் (அந்த நிறுவனங்கள் தரத்தோடு மூடித் தரும் பிளாஸ்டிக் உறையில்) போடுவதைவிட அப்படியே விற்பது மேல்.

வெளியீட்டு வாரப் பரபரப்பில் இரண்டு மூன்று மடங்கு கொடுத்து வாங்குவது, அடகுக் கடையில் கொண்டுபோய் எடைக்குப் போடுவது, இரண்டுமே நஷ்டம். சட்டப்படி வெளியிட்ட நாணயத்தை உருக்குவது 2011 நாணயச் சட்டப்படி குற்றமும்கூட. ‘உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் வரி கட்டுங்கள்’ என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே இதைப் பற்றி எச்சரித்தது. விற்கும்போது இரு பக்கம், விளிம்பு, பெட்டி, அட்டை எல்லாவற்றையும் வெயில் நேராகப் படாத ஜன்னலோரத்தில் படமெடுங்கள். கீறல் இருந்தால் அதையும் காட்டுங்கள், இல்லையென்றால் பார்சல் திரும்பி வரும். காப்சூல் பெட்டிக்குள் ஆடாதபடி பஞ்சு வைத்து அடைத்து, காப்பீடு செய்த ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.